சந்தா கட்டியவர் பதிப்பாளர் ஆனால்

2012 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டி மாளவில்லை, இனி உங்கள் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு அனுப்பப் பாருங்கள் என்பது அதன் சாரம். பெரிய பதிப்பகங்கள் சிலவற்றின் இதழ்களுக்கு மட்டும் ஹார்வர்டு நூலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 37.5 லட்சம் டாலர் செலவழித்துக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இதழுக்கு 40,000 டாலர் வரை போனதும் உண்டு. உலகின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகமே கையை விரித்துவிட்டால் மற்றவர்கள் பாடு என்ன?

இந்த வியாபாரமே விசித்திரமானது. கட்டுரை எழுதும் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் சம்பளம் தருகிறது. அதைப் படித்துத் தேறும், தேறாது என்று சொல்பவர் இன்னொரு பேராசிரியர். அவருக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. அச்சேறியதை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் காசு கொடுத்து வாங்குகிறது. அச்சுக் காலத்தில் ஒரு லாபமாவது இருந்தது: சந்தாவை நிறுத்தினாலும் பைண்டு செய்த பழைய இதழ்கள் ரேக்கில் இருக்கும். இணையத்துக்கு வந்த பிறகு நூலகம் வாடகைக் குடித்தனம் ஆகிவிட்டது. பழைய இதழ்களுக்கான நிரந்தர உரிமையை ஒப்பந்தத்தில் தனியாகக் கேட்டு எழுதி வாங்காவிட்டால், பணம் நின்ற மறுநாள் கதவும் சாத்தப்படும்.

அந்த நெருக்கடியில்தான் நூலகத்தின் வேலை மாறத் தொடங்கியது. வாங்கி அடுக்குவது போய், பேரம் பேசுவது, கட்டுரைக்குக் கட்டணம் செலுத்துவது, சில இடங்களில் தானே பதிப்பிப்பது என்று புதுப்புது வேலைகள் வந்து சேர்ந்தன. எல்லா வேலையும் அதற்குச் சமமாகக் கைவரவில்லை.

பேரம் நன்றாகவே கைவந்தது. அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கைத் தரும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், 2019 பிப்ரவரியில் எல்செவியர் பதிப்பகத்துடனான பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் போன கணக்கு அது. அந்த ஜூலையில் எல்செவியர் புதிய கட்டுரைகளை அடைத்தது. பேராசிரியர்கள் கொதித்தெழுந்து நூலகத்தைப் பணிய வைப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆய்வாளர்கள் பிற நூலகங்களிடம் கேட்டு வாங்கியும், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பியும் சமாளித்தார்கள். 2021 மார்ச்சில் பதிப்பகம் உடன்பாட்டுக்கு வந்தது: கலிபோர்னியா ஆய்வாளர்களின் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் 1,000 டாலரை நூலகம் தரும், மீதியை ஆய்வு நிதி உள்ளவர் அதிலிருந்து செலுத்துவார், இல்லாதவருக்கு நூலகமே முழுவதும் கட்டும்.

வெற்றிதான். ஆனால் யாருக்கு? வாசகர் முன்னால் இருந்த சுவர் எழுத்தாளர் முன்னால் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 9,500 யூரோ என்று நேச்சர் இதழ் 2020-ல் அறிவித்தது. எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல்! கலிபோர்னியா நூலகம் பின்னால் நின்று பணம் கட்டும். திருநெல்வேலியிலோ நைரோபியிலோ இருப்பவருக்கு யார் கட்டுவார்? சலுகைக் கட்டணத் திட்டங்கள் பலவும் மிக ஏழை நாடுகளைக் கணக்கில் வைத்தவை; இந்தியா போன்ற நடுத்தர வருமான நாடுகள் பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நிற்கின்றன. கட்டணத்தை நூலகம் சத்தமில்லாமல் கட்டிவிடுவதால் ஆய்வாளருக்கு விலையே தெரிவதில்லை என்பது இன்னொரு கோளாறு. விலை தெரியாதவர் மலிவான இதழைத் தேடப்போவதில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். ஒருங்கிணைப்பு காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையத்தின் பொறுப்பு. மாவட்டத் தலைநகரின் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் மாணவி, ஐஐடி மாணவர் படிக்கும் அதே இதழை அதே நாளில் திறக்க முடியும் என்பது சாதாரண விஷயமல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கட்டிவந்ததை ஒரே மேசையில் பேசியதும் சரியான காரியம்.

குறைகளும் சிறியவை அல்ல. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் கட்டித் திறந்துவிட்ட கட்டுரைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. ஏற்கெனவே திறந்துகிடக்கும் பகுதிக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்குகிறோமா என்று கேட்காமல் இருக்க முடியாது. முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் படிக்கிறார்கள். அவர்களில் பலர் ரகசியமாக நம்பியிருந்த, கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தை முடக்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழாய்வு, வட்டார வரலாறு போன்ற துறைகளின் இதழ்களை இந்தப் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் நடத்துவதில்லை. எதை வாங்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் வேலையும் கல்லூரி நூலகரிடமிருந்து நழுவுகிறது. அவருக்கு மிஞ்சியது, பிஎச்.டி. மாணவர்களின் ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்திடுவது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த விதிக்குப் பிறகு ஆய்வேடு சமர்ப்பிக்கும் நாட்களில் பல பல்கலைக்கழக நூலகங்களில் கூட்டம் கூடுவது இதற்காகத்தான்.

நூலகம் தானே பதிப்பாளர் ஆவதுதான் இதற்கெல்லாம் மாற்று என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2015-ல் தன் நூலகத் துறையின் கீழ் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கி, நூல்களை முழுக்க இலவசமாக இணையத்தில் தந்துவருகிறது. இயற்பியலாளர்கள் கட்டுரைகளை அச்சேறும் முன்பே பகிரும் ஆர்க்கைவ் தளத்தை 2001 முதல் பல ஆண்டுகள் கட்டிக்காத்தது கார்னெல் பல்கலைக்கழக நூலகம். கனடாவில் உருவான ஓஜேஎஸ் என்ற, இதழ் நடத்த உதவும் இலவச மென்பொருளை 2020-ல் 25,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் பயன்படுத்தின. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவை. எழுதவும் காசில்லை, படிக்கவும் காசில்லை என்று நடக்கும் இதழ்கள் இவற்றில் மிகப் பல.

ஆனால் மென்பொருள் இலவசம் என்பதால் இதழும் இலவசமாக நடந்துவிடாது. பிழை திருத்த ஆள் வேண்டும், சர்வருக்குப் பணம் வேண்டும், மதிப்பீட்டாளரை விடாமல் துரத்த ஒருவர் வேண்டும். ஆர்வமுள்ள ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றதும் இதழ் படுத்துவிடுகிறது. 2000-க்கும் 2019-க்கும் இடையில் 174 திறந்த ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோனதாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஒரு பிரதிகூட முழுதாக எடுத்து வைக்கப்படாமல் போனவை அவை. நூலகம் பதிப்பாளராகத் தடுமாறினால் மன்னிக்கலாம். பாதுகாப்பது அதன் பிறவித் தொழில், அதில் தவறியதற்கு என்ன சமாதானம்?

இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான நம் ஷோத்கங்காவையே எடுத்துக்கொள்ளலாம். ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று 2009-ல் யுஜிசி விதி செய்ததன் விளைவு அது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. துறை அலமாரியில் தூசி படிந்து கிடந்தவை யார் கண்ணிலும் படும்படி வந்தன. காப்பியடித்தவர்கள் மாட்டிக்கொண்டது உபரி நன்மை. ஆனால் ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். தலைப்புப் பக்கம் ஒரு பிடிஎஃப், சான்றிதழ் ஒரு பிடிஎஃப், பிறகு இயலுக்கு ஒன்று; பத்துப் பதினைந்து கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பழைய ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன். வேறு பல, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். உள்ளே ‘தேவதாசி’ என்றோ ‘நெசவு’ என்றோ தேடினால் ஒன்றும் அகப்படாது. எழுத்துரு மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தீரக்கூடிய வேலைதான் இது. ஆனால் உட்கார ஆள் போட வேண்டும். சந்தாவுக்கு ஆண்டுக்கு 2,000 கோடி ஒதுக்கும் நாட்டில் அதற்குப் பணமில்லை என்று சொல்வது எடுபடாது.

‘ஒரே நாடு ஒரே சந்தா’வின் முதல் மூன்றாண்டுக் காலம் 2027-ஓடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கு உட்காரும்போது தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பேசினால் போதாது. பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் சந்தா நின்றாலும் நமக்குக் கிடைக்க வேண்டும். இந்திய ஆய்வாளர் எழுதிய ஒவ்வொரு கட்டுரையின் ஒரு பிரதியும் அவரவர் பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்கு வந்து சேர வேண்டும். தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்காவது பின்னதைச் சொல்லும் கொள்கையை மத்திய அறிவியல் துறைகள் 2014-லேயே அறிவித்துவிட்டன. அதை நடைமுறைப்படுத்தும் வேலை சான்றிதழில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கும் அந்த நூலகரிடம்தான் போய்ச் சேர வேண்டும், கூடவே ஓர் உதவியாளரும் ஒரு சர்வரும்.