துறைக்குறிப்பு இல்லாத படங்கள்

எமது சஞ்சிகைகளில் கவிதைக்கு விமர்சனம் வருகிறது, சிறுகதைக்கு வருகிறது, மௌலூது ஏடுகளுக்குக்கூட ஆய்வு வருகிறது. புகைப்படத்துக்கு மட்டும் "நன்றி: இணையம்" என்ற இரண்டு சொல்லோடு காரியம் முடிந்துவிடும். என் வழக்கு இந்த இரண்டு சொல்லோடுதான். ஊர்வலம் ஒன்றைத் தெருவோரம் நின்று படம் பிடித்தவர் யார், எந்த நாளில், எந்த இடத்தில் நின்று பிடித்தார், யாரிடம் கேட்டுப் பிடித்தார் என்ற எதுவும் இல்லாமல் அந்தப் படத்தை நாம் வாசிக்கிறோம். வாசிப்பதோடு நிற்காமல் அதை வைத்துத் தீர்ப்பும் சொல்கிறோம்.

தமிழ் படித்தவருக்கு இது புது விஷயம் அல்ல. அகநானூற்றுப் பாட்டொன்றை அதன் கூற்றுக் குறிப்பை மறைத்து உயர்தர வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பேசுவது தலைவியா தோழியா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். புறநானூற்றின் பிற்பகுதியில் சில பாட்டுகளுக்குத் திணை, துறைக் குறிப்புகள் சிதைந்துதான் கிடைத்தன. 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. குறிப்பு சிதைந்த பாட்டுக்கு உரைகாரர் ஊகித்துத்தான் பொருள் சொல்ல வேண்டும். ஊகம் பிழைத்தால் அழுகைப் பாட்டு வெற்றிப் பாட்டாகிவிடும். படத்துக்கும் இதே கதிதான்.

போர் எதிர்ப்புப் படங்களில் உலகம் முழுதும் தெரிந்த ஒன்றை எடுக்கிறேன். 1970 ஏப்ரல் 30ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் கம்போடியாவுக்குள் படை புகுந்ததை அறிவித்தார். மே 4ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் திரண்டார்கள். கூட்டம் முழுக்க அமைதியாக இருந்தது என்று சொல்ல முடியாது, கல்லெறியும் நடந்தது. ஆனால் மறுபக்கத்தில் தேசியக் காவற்படை 13 விநாடிகளில் 67 தடவை சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயப்பட்டார்கள். ஜோன் ஃபைலோ அங்கு படித்துக்கொண்டிருந்த மாணவர், பல்கலைக்கழகத்துப் புகைப்பட ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். மதிய இடைவேளையில் கமராவோடு வெளியே வந்தார். சுடுவது வெற்று வேட்டு என்றுதான் முதலில் நினைத்தாராம். அங்கிருந்த உலோகச் சிற்பத்தைத் தோட்டா துளைத்தபோதுதான் அது மெய்யான சூடு என்று விளங்கியது. பிறகு அவர் எடுத்தது, விழுந்து கிடந்த ஜெஃப்ரி மில்லரின் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை முழந்தாளிட்டுக் கைகளை விரித்துக் கதறும் படம். பெரிய நிறுவனம் எதுவும் அவரை அனுப்பவில்லை. தான் முன்பு வேலை செய்த பென்சில்வேனியாச் சிறுபட்டணப் பத்திரிகைக்குக் காரோட்டிப் போய் அங்கே படச்சுருளைக் கழுவி உலகுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது.

படம் மெய்தான். குறிப்பில்தான் கோளாறு. பார்த்தவர்கள் எல்லோரும் அவளைப் பல்கலைக்கழக மாணவி என்று எடுத்துக்கொண்டார்கள். மேரி ஆன் வெச்சியோ வீட்டை விட்டு ஓடிவந்த 14 வயதுப் பிள்ளை. பெயர் தெரியவந்ததும் அவளது சொந்த மாநில ஆளுநரே அவளைக் கம்யூனிஸ்ட் என்று ஏசினார், குடும்பத்துக்கு வசைக் கடிதங்கள் வந்தன. படத்துக்குள் நின்றவள் விலை கொடுத்தாள், படம் எடுத்தவர் பரிசு வாங்கினார். அவர்கள் இருவரும் நேரில் சந்திக்க 25 வருடம் சென்றது. பின்னாளில் சில சஞ்சிகைகள் அவளது தலைக்குப் பின்னால் முளைத்தாற்போல் நின்ற வேலிக் கம்பத்தை அழித்துவிட்டு அச்சிட்டன. அழகுக்காகச் செய்தார்களாம். ஏட்டுச் சுவடியில் பொருந்தாத சீரை வெட்டிவிட்டுத் தன் சீரைப் போடும் பதிப்பாசிரியரை நாம் என்ன சொல்வோம்? அந்தக் கம்பம் ஓர் ஆதாரம். படம் பிடித்தவர் இடம் பார்த்து நிற்கவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இதற்கு மூன்று வருடம் முந்தியது மார்க் ரிபூவின் படம். 1967 ஒக்டோபர் 21, பென்டகன் முன்னால் துப்பாக்கி முனைகளுக்கு எதிரே ஒரு பெண் பூவொன்றைப் பிடித்தபடி நிற்கிறாள். தேர்ந்த கலைஞரின் கை, குறை சொல்ல இடமில்லை. இருந்தும் எனக்கு அது அட்டைப்படம் மாதிரித்தான் தெரிகிறது. சமாதானம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுதும் "வெண்புறா" மாதிரி. ஃபைலோவின் படத்தில் அப்படி எடுத்துப் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்ட, ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. அந்த மரணத்துக்கு முதலில் எழுதப்பட்ட துறைக்குறிப்பு அதுதான். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் பிடித்தார். சுடர் ஒளியில் வந்த அந்தப் படங்கள் கிட்ட நின்று சுட்ட காயங்களைக் காட்டின. குறிப்பு பொய் என்பதைப் படமே சொல்லிவிட்டது. அவர் பகுதிநேரச் செய்தியாளர், முழுநேர வேலை துறைமுகத்தில். அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சான்று இல்லை என்று விடுவித்தது. படம் இருக்கிறது, எடுத்தவர் இல்லை, தண்டனை பெற்றவரும் இல்லை. ஃபைலோவுக்குக் கிடைத்ததையும் சுகிர்தராஜனுக்குக் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், படம் பிடிப்பதன் பொருள் ஊருக்கு ஊர் வேறு என்பது விளங்கும்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று பிடிபடும். மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இஸ்னாதைப் பாராமல் எடுப்பதில்லை. ஒரு ராவியும் அடுத்த ராவியும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது இமாம் புஹாரிக்குப் போதவில்லை, இருவரும் சந்தித்தார்கள் என்பதும் நிறுவப்பட வேண்டும் என்று பார்த்தார். படத்தில் முதல் ராவி கமராவோடு அங்கே நின்றவர். அவர் யாரென்று தெரியாமல் பத்துக் குழு தாண்டி வரும் படம் முன்கதிஃ, சங்கிலி அறுந்தது. சிரியாவில் எடுத்த பிள்ளையின் படத்தைக் காஸா என்று போட்டு அனுப்புகிறவர் செய்வதற்குத் தத்லீஸ் என்ற பெயர்கூட மரியாதையான பெயர்தான். காஸாவில் நடப்பதற்கு இரவல் படம் தேவையில்லை. பொய்ப் படம் ஒன்று பிடிபட்டால் மெய்யான நூறு படங்களும் சந்தேகத்துக்குள் போய்விடும். செய்தி வந்தால் விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருப்போம்? பள்ளிவாசல் படி இறங்கியதும் விரல் 'ஃபோர்வட்'டுக்குப் போய்விடுகிறது.

படம் ஆகுமா ஆகாதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. கமரா செய்வது படைத்தல் அல்ல, நிழலைப் பிடித்து வைத்தல் என்று எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ நூறு வருடங்களுக்கு முன்பே வாதிட்டார். ஏற்பவர்கள் ஏற்கட்டும். ஆனால் கலியாண வீட்டில் மூன்று கமரா ஓடவிட்டு, சாட்சிப் படம் என்றதும் மார்க்கம் பேசுகிறவர்களை என்னால் பெரிதாக மதிக்க முடியவில்லை.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியை இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்து பன்னிரண்டாவது வருடத்தில், போர் விட்டுச் சென்றவற்றுக்கு எதிராக நடந்தது அது. காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள், காணி அபகரிப்பு, மலையகத்தாரின் 1000 ரூபாய்ச் சம்பளம் ஆகியவற்றோடு கட்டாய ஜனாஸா எரிப்பும் கோரிக்கைகளில் இருந்தது. முஸ்லிம்கள் வழியில் வந்து சேர்ந்துகொண்டார்கள். 1990க்குப் பிறகு கிழக்கில் இப்படி ஒரு காட்சியை நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம். நீதிமன்றத் தடையுத்தரவுகள் இருந்தன, பின்னர் பொலிஸார் பலரிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். அந்த மாதம் 25ஆம் திகதிதான் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது.

அன்புவழிபுரத்தில் ஒரு தம்பி இருக்கிறார், மின்னியல் வேலை செய்பவர். அந்தப் பேரணி திருகோணமலைக்கு வந்தபோது போனில் எடுத்த படங்களைப் பின்னொரு நாள் என்னிடம் காட்டினார். பெயர் சொல்லவில்லை, காரணம் விளங்கும். முக்கால்வாசிப் படங்களில் முகம் இல்லை. முதுகு, குடை, பதாகையின் பின்பக்கம், செருப்பு அறுந்த கால்.

"ஏன் தம்பி எல்லாரையும் முதுகுல எடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"முகம் தெரிஞ்சா நாளைக்கு வீட்ட வந்து விசாரிப்பாங்க டீச்சர். நான் எடுத்த படத்தால ஒரு ஆள் மாட்டக் கூடாது."

இதற்கு நான் என்ன விமர்சனம் சொல்வது? கலை என்று பார்த்தால் முதுகுப் படங்களில் பாதி சலிப்புத் தருகின்றன. ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்று எடுத்தவை. ஆனால் அவரது அச்சம் கற்பனை அல்ல. அஹ்னாப் ஜெஸீமின் 'நவரசம்' கவிதைத் தொகுதிக்கு நடந்தது இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்குத் தெரியும். தீவிரவாதத்தையும் போரையும் எதிர்த்து எழுதிய கவிதைகளும் உள்ள நூல் அது. தமிழ் தெரியாதவர்கள் அதன் பக்கங்களைப் புரட்டினார்கள், அச்சிட்டிருந்த படங்கள் குற்றச்சாட்டுக்குள் இழுக்கப்பட்டன. 2020 மே மாதம் கைதானவர் 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. பாட்டை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வாசித்ததன் கூலி இது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்ததே. போர் வேண்டாம் என்று சொல்வதையே போர்க்குணம் என்று வாசிக்கத் தெரிந்த நாட்டில் முகத்தை மறைப்பது கோழைத்தனம் ஆகாது.

ஆனால் முகம் இல்லாமலும் படம் பேசும். 2020 டிசம்பரில் இருபது நாள் குழந்தையின் ஜனாஸா எரிக்கப்பட்ட பிறகு பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள், கபனின் நினைவாக. இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. அங்கு போன சாதாரண ஆட்கள் போனில் எடுத்தவைதான் எங்கும் பரவின. கம்பி வேலி, துணி, வேறொன்றுமில்லை. ஒரு மனிதரும் மாட்டவில்லை, சொல்ல வேண்டியது முழுதும் சொல்லப்பட்டது. முதற்பொருளையும் கருப்பொருளையும் மட்டும் வைத்து உரிப்பொருளை உணர்த்துவது என்று நாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தபோது அந்தத் துணிப் படங்கள் மறுபடி வெளியே வந்தன. திகதி குறித்து வைத்திருந்தவர்களுடையவை மட்டும்தான் எனக்கு ஏதும் பயன்பட்டன.

இதோடு ஒப்பிட்டால் 2023 ஒக்டோபருக்குப் பிறகு எமது ஊர்களில் ஜும்ஆ முடிந்து நடந்த காஸா ஆதரவு ஊர்வலப் படங்கள் ஏமாற்றமாகவே இருக்கின்றன. பதாகையின் இரு முனைகளிலும் நிர்வாகிகள், நடுவில் பிரமுகர், எல்லோர் கண்ணும் கமராவில். ஊர்வலம் எதற்காக என்பதைவிட யார் வந்தார்கள் என்பதுதான் தெரிகிறது. பெண்கள் நின்ற இடம் பெரும்பாலும் படத்தில் இல்லை. பின்னால் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த பிள்ளையை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்புவழிபுரத்துத் தம்பியின் அறுந்த செருப்பு இவற்றைவிட எனக்கு மேல்.

அவரிடம் நான் குறை சொன்னது வேறு ஒன்றை. படங்களைக் கூட்டாளிமாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று போனிலிருந்து பலதை அழித்துவிட்டார். போன் எடுக்கும் படத்துக்குள் நாளும் நேரமும் பதிந்திருக்கும், இடவசதி திறந்திருந்தால் இடமும் இருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதெல்லாம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். 'டொகுமென்ட்' ஆக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். இது தெரியாததால் அவருடைய படங்களில் பல இன்று திணை துறை அழிந்த புறப்பாட்டுகளாகக் கிடக்கின்றன. மிஞ்சியவற்றுக்கு ஒரு கொப்பி போட்டு, நினைவில் உள்ள வரைக்கும் நேரம், சந்தி, பக்கத்தில் கேட்ட கோஷம் எல்லாம் எழுதச் சொன்னேன். எழுதினார். அதைப் படத்தோடு சேர்த்துப் பொதுவில் போடாமல் தனியே வைத்திருப்பதுதான் நல்லது. இடக்குறிப்பு சாட்சிக்கு உதவும், தேடி வருகிறவனுக்கும் உதவும்.

முகம் தெரியும் படங்கள் சில உண்டு. அதில் ஒன்றுதான் தொகுப்பிலேயே சிறந்தது. காணாமல்போன மகனின் சட்டமிட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தாய், அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியைக் கையில் சுற்றிய ஒரு முஸ்லிம் பொடியன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். படம் சற்று ஆடியிருக்கிறது, ஓரத்தில் யாருடையதோ முழங்கை. முழங்கையை வெட்டிவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இந்த இதழுக்குத் தரலாமா என்று நான் கேட்டபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். பிறகு நான்தான் தயங்கினேன். அந்தத் தாயிடமும் பொடியனிடமும் யாரும் கேட்கவில்லை. மேரி ஆன் வெச்சியோவிடம் கேட்காததுபோலத்தான். தாயின் வீடு தெரியும், போய்க் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் தம்பி. பொடியன் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்தக் கட்டுரையோடு படம் வரவில்லை.