ஹெர்பர்ட்டின் 'மலர்': பருவமும் நம்பிக்கையும்

குளிர்காலம் கழிந்து வசந்தம் வருவது போலத் துன்பம் நீங்கி இன்பம் வரும் என்பது கிறித்துவப் பாடல்களில் பழகிப்போன உவமை. ஆயினும் அதில் ஒரு குறையுண்டு. வசந்தம் நிலைத்து நிற்பதில்லை. அதன் பின்னும் குளிர்காலம் வரும். அங்ஙனமாயின், பருவத்தைக் கண்டு கொள்ளும் நம்பிக்கை ஓராண்டுக்கு மேல் நில்லாதன்றோ? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஆங்கிலப் பாடல் ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'மலர்'.

ஹெர்பர்ட் 1593இல் பிறந்தவர். 1630இல் சால்ஸ்பரி நகரை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் குருவாக அமர்ந்தார். 40 வயது நிரம்புமுன் 1633இல் மறைந்தார். அவ்வாண்டே வெளிவந்த 'ஆலயம்' என்னும் தொகுதியில் இப்பாடல் உள்ளது. ஏழடிச் செய்யுள் ஏழு கொண்டது.

குளிரில் செடி பட்டுப்போயினும் வேரில் உயிர் ஒடுங்கிக் கிடக்கும். தம் நெஞ்சும் அவ்வாறே மண்ணுக்குள் மறைந்து கிடந்து மீண்டும் தளிர்த்தது என்கிறார் கவிஞர். இதற்கு விண்ணிலிருந்து ஒலித்த குரல் எதையும் அவர் சான்று காட்டவில்லை. பனித்துளியும் மழையும் மீண்டும் மணக்கின்றன, பாட்டு இயற்றுவதில் மீண்டும் சுவை பிறக்கிறது, அவ்வளவே. நோய் நீங்கி எழுந்தவன் உணரும் எளிய இன்பம் இது. பாடலின் உயிர்நாடியும் இதுவே.

எனினும், இதனை வசந்தத்தின் புகழ்ப்பாட்டாகக் கொள்வது பிழை. தொடக்கத்திலேயே அவர் இனியதெனப் பாடுவது ஆண்டவனின் மீள்வருகையை. வசந்த மலர் அதற்கு உவமை மட்டுமே. நான்காம் செய்யுளில், மாற்றமே இல்லாத, மலர் வாடாத இடத்தை விழைகிறார். மூன்றாம் செய்யுளும் ஏழாம் செய்யுளும் ஒரே தொடரால் தொடங்குகின்றன. ஒரு சொல் மட்டும் வேறு. முன்னது ஆண்டவனை ஆற்றலுக்கு இறைவன் என விளிக்கிறது. பின்னது அன்புக்கு இறைவன் என விளிக்கிறது. பருவங்கள் முன்போலவே சுழல்கின்றன. வாட்டுவதும் தழைப்பிப்பதும் ஒரே கை என்று தெளிந்த நெஞ்சமே மாறியது.

ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே காணும் நம் மாணவர்க்கு இதனை எவ்வாறு விளக்குவது? முல்லைத்திணை துணைபுரியும். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. கானமே 'இது கார்' என்று கூறினும் நம்பேன், அவர் பொய் சொல்லார் என்கிறாள் குறுந்தொகை 21ஆம் பாட்டின் தலைவி. அவள் நம்பியது பருவத்தையன்று, சொன்னவனை. அவள் காத்திருப்பது ஒரு பருவத்தில் வருபவனுக்காக. ஹெர்பர்ட் காத்திருப்பது பருவங்களைக் கடந்த இடத்திற்காக. இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது. ஆயினும் நம்பிக்கையின் வேர் இரண்டிலும் ஒன்றே.

பாடம் சொல்வோர் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். மலரை வாட்டுவது உறைபனி. மீண்டும் மணப்பது பனித்துளி. இரண்டையும் 'பனி' என்றே மொழிபெயர்த்தால், கொல்வது எது, உயிர்ப்பிப்பது எது என்று மாணவர் மயங்குவர். அம்மயக்கம் தீர்ந்தாலன்றிப் பாடலின் பொருள் விளங்காது.