சட்டைக்குள் ஒரு கைத்துப்பாக்கி: 642உம் பி365உம்

உடைக்குள் வெளியே தெரியாதவாறு கைத்துப்பாக்கியை உடன்கொண்டு செல்வதற்கு, தனித்த தேவை ஒன்றை மெய்ப்பித்தாக வேண்டும் என்றிருந்த நியூயார்க் மாநில விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் செல்லாதென்று அறிவித்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று இதற்கு உரிமமே தேவையில்லை. இதனால் துப்பாக்கியை முன்பின் தொட்டிராதவர்களும் தற்காப்புக்கென ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டுள்ளது. அவர்களுள் பலர் இருப்பவற்றில் மிகச் சிறியதையும் மிக இலேசானதையுமே நாடுகின்றனர். மறைப்பதற்கு எளிதாக இருப்பது சுடுவதற்கும் எளிதாக இருக்கும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டாலே உணரலாம்.

முதலாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 என்னும் ரிவால்வர். சுழலும் உருளையில் .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தைக் கொள்ளும் இதன் எடை ஏறத்தாழ 410 கிராம். தோட்டாவின் அடியைத் தட்டும் சுத்தியல் சட்டகத்துக்குள் மறைந்திருப்பதால், சட்டைப்பையிலிருந்து உருவும்போது துணியில் சிக்குவதில்லை. தாக்குபவரின் உடலோடு முனை அழுந்தி நிற்கும் நெருக்கத்தில், அரைத்தானியங்கிப் பிஸ்டலின் மேற்பாகம் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமற்போகக்கூடும், ரிவால்வருக்கோ அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இதன் விசையை இழுக்க 5 கிலோவை ஒட்டிய அழுத்தம் வேண்டும், அதாவது துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கையிலுள்ள பொருளைவிட அதை இயக்கும் விரலின் அழுத்தம் இத்தனை மிகும்போது, முனை அசையாமல் நிற்பது நெடுநாள் பழகியவருக்கே கைகூடும். இலேசான உடல் பின்னுதைப்பை, அதாவது சுட்டவுடன் கையை நோக்கி வரும் எதிர்த்தள்ளலை, உள்வாங்க இயலாமல் முழுவதையும் உள்ளங்கைக்கே கடத்துகிறது. ஐம்பது தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டபின் மீண்டும் பயிற்சிக்கு வர மனம் மறுப்பது இயல்பே. தொடக்கநிலையாளரின் துப்பாக்கி என்று இதைக் கைகாட்டுவது பெருந்தவறு.

2018இல் ஸிக் ஸாவர் வெளியிட்ட பி365 இந்த வகையின் அளவுகோலையே மாற்றியது. 9 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் இந்தப் பிஸ்டலின் நீளம் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, எடை ஏறத்தாழ 500 கிராம். 2015இல் வந்த குளொக் 43 இதையொத்த உருவில் ஆறு தோட்டாக்களே கொண்டிருக்க, பி365இன் மேகசினில் பத்து அடங்குகின்றன. தோட்டாக்கள் கீழே ஒன்றுவிட்டொன்று விலகி அடுக்கப்பட்டு, மேலே செல்லச்செல்ல ஒற்றை வரிசையாகக் குவியுமாறு அது அமைக்கப்பட்டிருப்பதே காரணம். விசையின் அழுத்தம் 642இல் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. எனினும் பிடி குட்டையானதால் பெரிய கைகளின் சுண்டுவிரல் பற்றிடமின்றித் தொங்கும். மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டால் அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கவும் கூடும். விரல்வலி, மூட்டுவாதம் உடையவர்கள் மேற்பாகத்தைப் பின்னிழுக்கத் தடுமாறுவதுண்டு. அவர்களுக்கு 642 ஒருவேளை பொருந்தலாம். ஏனையோருக்குப் பி365 ஐயமின்றி மேலானது.

தோட்டாவின் தேர்வும் துப்பாக்கியின் தேர்வோடு பிணைந்ததே. 1986இல் மயாமியில் நிகழ்ந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்தபின், தோட்டா ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவை அந்நிறுவனம் வகுத்தது. முனையில் குழிவுள்ள தோட்டா இலக்கில் பட்டதும் விரிந்து, மறுபுறம் துளைத்துச் சென்று பிறரைத் தாக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் விரிவதற்குப் போதிய வேகம் தேவை. 642இன் இரண்டங்குலத்துக்கும் குறைவான குழலில் அவ்வேகம் பல வேளைகளில் கிட்டுவதில்லை.

துப்பாக்கிக்குச் செலவிடத் தயங்காதவர்கள் உறையில் சிக்கனம் பார்ப்பது வருந்தத்தக்கது. பி365இன் சில வடிவங்களில் கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுவதும் மூடும் கெட்டியான உறையே அங்கே பாதுகாப்பு. மென்துணி உறை மடிந்து விசையில் சிக்கினால் துப்பாக்கி தானே வெடிக்கக்கூடும். சட்டையின் ஓரம் உறைக்குள் புகுந்தாலும் அதே ஆபத்துண்டு. ஆகவே உருவுவதில் வேகம் வேண்டியிருந்தாலும், மீண்டும் செருகுவதைக் கண்ணால் பார்த்து, மெதுவாகச் செய்வதே முறை. வீட்டில் குழந்தைகள் இருப்பின், இடுப்பிலிருந்து இறங்கிய அந்தக் கணமே துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் போய்விட வேண்டும்.