மக்கட்சுட்டும் ஏர்க்காரர் பேச்சும்

செஞ்சிப் பக்கம் தொண்டூரில், சமணத் துறவிகள் தங்கிய குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கிலானது. ஒருவர் ஏவ, மோசி என்பவர் செய்த இருப்பிடம் என்பது அதன் சேதி. பக்கத்து அகலூரின் பெயரும் வருகிறது. ஏவியவர் இல்லை, செய்தவர் இல்லை, படுத்தவரும் இல்லை. சொல் மட்டும் கிடக்கிறது.

கண்ணெதிரே இல்லாததைப் பேசுவதை மனித மொழியின் கூறுகளில் ஒன்றாக மொழியியலாளர் ஹாக்கெட் 1960இல் குறித்தார். தேனீக்கும் அது கொஞ்சம் வாய்த்திருக்கிறது. கூட்டின் இருட்டில் அது ஆடுகிற ஆட்டம் பூவின் திசையையும் தூரத்தையும் சொல்வதை ஃபான் ஃபிரிஷ் காட்டினார். ஆனால் 'பூ இல்லை' என்பதற்கு அதனிடம் ஆட்டம் கிடையாது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, ஜப்பானியப் பட்டாணிக்குருவி இரண்டு அழைப்புகளை வரிசைப்படி கோத்துச் சேதி சொல்வதாகவும், வரிசையை மாற்றினால் மற்றவை சரியாகக் கண்டுகொள்வதில்லை என்றும் சொன்னது. அதாவது, தொடரமைப்பு நமக்கே என்ற வேலியும் ஆட்டங்கண்டுவிட்டது.

நம்மாட்கள் இதற்கெல்லாம் அசர மாட்டார்கள். 'ஆறறிவை அன்றே சொன்னான் தமிழன்' என்று மேடையேறிவிடுவார்கள். மரபியலை முழுசாகப் படித்துப் பார்க்கட்டும். ஐந்தறிவு வரிசையில் விலங்கோடு 'மாக்கள்' என்றொரு சொல்லும் நிற்கிறது ('புள்' என்ற பாடமும் உண்டு). ஆறறிவு மக்களுக்கு என்று சொன்ன கையோடு, அது வேறு சிலவற்றுக்கும் உண்டு என்று கதவு திறந்தும் வைக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பு, குட்டி, கன்று என்று உயிர்களுக்குப் பெயர் பிரித்துத் தரும் அதே இயல்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்று மனிதரையும் பிரித்துத் தருகிறது. இடைச்செருகல் என்று சொல்வோர் உண்டு. இருக்கட்டும். செருகியவனுக்கு இந்த இடம்தானே தோதாகப் பட்டிருக்கிறது! விலங்கை வகைப்படுத்தும் சொல்லாடலும் சாதியை வகைப்படுத்தும் சொல்லாடலும் ஒரே கூரையின் கீழ் குடியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிளவியாக்கம் உயர்திணையை 'மக்கட்சுட்டு' என்கிறது. கவனியுங்கள்: உடம்பு அல்ல, சுட்டு. மக்கள் என்று யாரை யார் சுட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. 'இந்தப் பிராணிக்குப் பேச்சு உண்டா?' என்று ஆய்வுக்கூடம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே, 'இவன் பேச்சு பேச்சா?' என்று நம் ஊர்த்தெரு தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

களத்துமேட்டில் நிற்கிற பண்ணைக்காரர் கூலியாளைக் காட்டி, 'இது எப்ப வந்துச்சு?' என்பார். தொட்டில் பிள்ளையைத் தாய் 'அது தூங்குது' என்பதும் இதே அஃறிணைதான். ஆனால் அந்த 'அது'வில் பால்வாசம் இருக்கும், இதில் சவுக்கு இருக்கும். விகுதி ஒன்று, அதிகாரம் வேறு. இந்த வேலையைக் குருவியால் செய்ய முடியாது. எதிரே நிற்கிறவனை இல்லாதவனாக்க மனித மொழி வேண்டும். தொண்டூர்க் கல்லில் மோசியை இன்றைக்கும் இருத்தி வைத்திருக்கிறதே, அதே மொழி.

அன்றைக்கே அந்தக் கூலியாள் ஏர் பூட்டி, உழவுசாலில் மாட்டோடு பேசிக்கொண்டு போவார்: 'வாடா ராசா, இன்னும் ரெண்டு சாலுதாண்டா.'