பிடிபடாத மாடும் பெரிய மாடும்

தை 3-ஆம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்துவிட்டால், மாசி மகத்தன்று அரளிப்பாறை வரும்வரை காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் மாட்டுப் பேச்சுக்குக் குறைவிருக்காது. அந்தப் பேச்சில் ஒரு மாட்டுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பட்டம், "இதுவரைக்கும் பிடிபடாத மாடு" என்பது. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி இல்லை. விலை கேட்க வந்தவர் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். எதிர்த்துப் பேச வந்தவர் அடங்கிவிடுவார். ஆனால் ஒரு தலைமுறைக்கு நின்று பேசப்பட வேண்டிய மாடுகளின் வரிசையில் ஒன்றைச் சேர்க்க இந்த ஒரு தகுதி போதுமா என்று கேட்டால், போதாது என்பதுதான் என் கட்சி. பிடிபடாத மாடுகளில் பெரிய மாடுகள் உண்டு. பிடிபட்ட மாடுகளிலும் உண்டு. எது பெரிய மாடு என்பதைத் தீர்மானிக்க, பிடிக்க வந்த கை எவ்வளவு நெருங்கியது, நெருங்கிய பிறகு மாடு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் களத்தைப் பார்ப்போம். எந்த ஊரானாலும் முதலில் அவிழ்ப்பது கோயில் மாடு. அதற்கு மாலை மரியாதை உண்டு, கும்பிடு உண்டு. கை வைப்பவர் யாரும் இல்லை. ஆயுள் முழுக்கப் பிடிபடாமலே இருக்கும் அந்த மாட்டை யாரும் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் பிடிபடாமைக்கு மதிப்பு கிடையாது என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். அடுத்து கட்டுமாடு. தொழுவுக்குள் அடைக்காமல் பொட்டலிலும் வயற்காட்டிலும் ஆங்காங்கே அவிழ்த்துவிடப்படும் மாடுகள் இவை. எந்தத் திசையிலும் ஓடலாம். எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அங்கே பிடிபடாமல் போவது வழக்கம், பிடிபட்டால்தான் செய்தி. தொழுவிலிருந்து வாடி வழியாக வரும் மாட்டுக்குச் சோதனை கூடுதல். வழி குறுகல், வெளியே வந்ததும் இருபுறமும் மாடுபிடி வீரர்கள். ஆனாலும் வேகமான ஓட்டமாடு சில விநாடிகளில் யார் கையும் படாமல் எல்லையைத் தாண்டிவிடும். இப்படிப் பத்து வாடி தாண்டினால் பத்தும் வெற்றி என்றே எழுதப்படும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2014 மே மாதம் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 2017 ஜனவரியில் சட்டம் திருத்தப்படும்வரை முறையான களமே இல்லை. அந்த ஆண்டுகளில் பருவத்தில் இருந்த எத்தனையோ மாடுகள் பிடிபடாமலேதான் கிழடு தட்டின. அவற்றையெல்லாம் எந்த வரிசையில் வைப்பது?

கை விழுந்தபின் உதறுகிற மாட்டில்தான் கலை தெரிகிறது. புலிக்குளம் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சிவகங்கை மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இனம். கிடை போட்டு வயலுக்கு எரு சேர்த்த மந்தைகளில் வளர்ந்தது. பெரிய உருவம் கிடையாது. கட்டுமஸ்தான சிறிய உடம்பு, முன்பக்கம் கனம், பின்பக்கம் ஒடுக்கம். இந்த அமைப்புதான் அதன் ஆயுதம். வீரர் தலையைக் கடக்கவிட்டு, கொம்பு தாண்டிய அடுத்த கணம் பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு கையாலும் திமிலைக் கட்டிக்கொள்கிறார். முகம் மாட்டின் தோளோடு ஒட்டியிருக்கிறது. திமில் எலும்பு இல்லாத தசை. பிடிக்குள் குழைந்து நழுவும். அதற்குமேல் தோலும் தசைமீது வழுக்கும். சாதாரண மாடு இந்த நேரத்தில் முன்னோக்கி ஓடும். ஓடினால் வீரருக்கு வசதி, கால் தரையில் இழுபட்டபடியே எல்லைவரை போய்விடலாம். தேர்ந்த மாடு ஓடுவதில்லை. முன்னங்காலை ஊன்றி, ஆள் தொங்கும் பக்கமாகவே கழுத்தை வளைத்துச் சுற்றுகிறது. முதல் சுற்றில் வீரரின் கால் தரையை விடுகிறது. இரண்டாவது சுற்றில் உடம்பு வெளிப்பக்கம் வீசப்பட்டு, கை மட்டும் பிடியில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து மாடு சட்டென்று நின்று எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல் போடுகிறது. ஆள் போன திசை வேறு, மாடு வந்த திசை வேறு, பிடி விடுபடுகிறது. எந்தக் கணத்தில் சுற்றை நிறுத்த வேண்டும் என்று அந்த மாட்டுக்கு யார் சொன்னார்கள்? கண்மாயில் நீச்சலும், மண் குத்தும் பயிற்சியும், பருத்திக்கொட்டையும் உடம்பைக் கொடுக்கும். அந்தக் கணத்தைக் கொடுக்காது. அது மாட்டின் சொந்த அறிவு. ரசிகன் கொண்டாட வேண்டியது அதைத்தான்.

இதே வழக்கு குத்துச்சண்டை உலகில் நெடுநாளாக நடக்கிறது. ராக்கி மார்சியானோ ஆடிய 49 போட்டிகளிலும் வென்று, 1956-ல் தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற கனஎடைச் சாம்பியன். ஆனால் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்ற பேச்சில் முகமது அலியின் பெயர்தான் முந்துகிறது. அவர் ஐந்து முறை தோற்றவர். எடைப்பிரிவு பாராமல் மிகச் சிறந்தவர் என்று பலராலும் சொல்லப்படும் சுகர் ரே ராபின்சன் 19 முறை தோற்றவர். மார்சியானோவைக் குறைத்துச் சொல்பவர்கள், 1951-ல் அவர் வீழ்த்தியபோது ஜோ லூயிஸுக்கு வயது 37 என்று சுட்டிக்காட்டுவார்கள். நியாயமான வாதம். ஆனால் மார்சியானோவை நான் முதல் வரிசையில் வைப்பேன். அதற்குக் காரணம் அந்த 49 அல்ல, ஒரே ஓர் இரவு. 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட் முதல் சுற்றிலேயே அவரைத் தரையில் சாய்த்தார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது நடுவர்களின் கணக்கில் மார்சியானோ பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் ஒரே வலக்குத்தில் பட்டத்தை எடுத்தார். தோல்வி அவ்வளவு பக்கத்தில் வந்து போன அந்த இரவை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள 48 வெற்றிகளும் வெறும் பட்டியலாகிவிடும். நம் களத்து மாட்டுக்கும் இந்த அளவுகோல்தான் பொருந்தும்.

இதற்கு மாட்டுக்காரர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது. "என் மாட்டுப் பக்கம் யாரும் வருவதே இல்லை. பேரைக் கேட்டாலே ஒதுங்குகிறார்கள். பிடிக்க வராதது மாட்டின் குற்றமா?" குற்றமில்லைதான். ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும் வாடி முகப்பில் இருந்தவர்கள் தடுப்பின்மேல் ஏறிக்கொள்ள, மாடு நடுக்களத்தில் தனியாக நின்று மண்ணைக் கிளறி ஆளைத் தேடுவது பார்க்கப் பெரிய காட்சி. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நகரத்தார் நாட்டில் இதைப் புரியவைப்பது எளிது: பயம் என்பது வட்டி, முதலை எப்போதோ களத்தில் போட்டிருக்க வேண்டும். தொடக்க காலத்தில் நல்ல கைகள் திமிலில் விழுந்து, அவற்றை உதறி உதறிச் சேர்த்த பெயர் என்றால், இன்று ஆள் வராததும் அந்த மாட்டின் உழைப்புதான். வெறும் கொம்பின் நீளத்தாலும், கூட்டத்துக்குள் புகுந்து வேடிக்கை பார்த்தவரைக் குத்திய கதையாலும் வந்த பயம் என்றால் அதற்கு மதிப்பில்லை. மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள். அது ஏற்பாட்டின் குறை, துயரம். மாட்டின் பெருமைக்கணக்கில் அதைச் சேர்ப்பவரை ரசிகர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஓட்டமாட்டுக்காரர்களின் வாதம் வேறு. தப்பிப்பதுதானே மாட்டின் வேலை, தொடவே விடாமல் தப்பித்தால் அதுதானே முழு வெற்றி என்பார்கள். வாடியை விட்டு வரும்போதே தலையை ஒரு பக்கம் காட்டி உடம்பை மறுபக்கம் எடுத்துச் செல்லும் மாடுகள் உண்டு. அந்த ஏமாற்று வித்தைக்கு நான் தலைவணங்குகிறேன். வெறும் வேகத்துக்கு அந்த வணக்கம் கிடையாது. வேகம் வயதோடு போய்விடும். நின்று விளையாடும் மாடு வயதானபிறகும், ஓட்டம் குறைந்தபிறகும், ஆளைக் கண்டு அளந்து ஆடும்.

இந்த வழக்கைத் தீர்க்க நம்மிடம் ஏற்கனவே ஒரு களம் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் வடமாடு. மாட்டை நீண்ட வடத்தில் கட்டிக் களத்தின் நடுவில் விடுகிறார்கள். ஒன்பது பேர் கொண்ட அணி இறங்குகிறது. ஊரைப் பொறுத்து 20 அல்லது 25 நிமிடம். அதற்குள் அடக்கினால் அணிக்குப் பரிசு, அடக்காவிட்டால் மாட்டுக்கு. ஓடி ஒளிய இடம் இல்லை. வடம் முடியும் இடத்தில் திரும்பியாக வேண்டும். ஒருவர் முன்னால் நின்று தலையை இழுக்க, பக்கவாட்டில் இருவர் திமிலுக்குக் காத்திருக்க, மற்றவர்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். முதல் ஐந்து நிமிடம் எந்த மாடும் சிறப்பாகத் தெரியும். பத்து நிமிடத்துக்குமேல் மூச்சு வாங்கும், நுரை தள்ளும். அப்போதுதான் மாட்டின் குணம் வெளிவருகிறது. சில மாடுகள் எல்லார் மேலும் பாய்ந்து பலத்தைச் செலவழித்துவிடும். சில மாடுகள் நடுவில் வந்து நின்று, தலையைத் தாழ்த்தி, ஒன்பது பேரில் உண்மையில் பிடிக்கப்போகிறவன் யார் என்று பார்த்து அவனை மட்டும் விரட்டும். முன்னால் ஆட்டம் காட்டுகிறவனை அது பொருட்படுத்தாது. வடமாட்டில் நல்ல அணிகளுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் அடங்காமல் நின்ற மாடு என்றால், அதைப் பெரிய மாடு என்று சொல்ல நான் ஒரு நொடியும் தயங்க மாட்டேன். வாடியில் தொடாமல் தப்பிய வெற்றிகள் எத்தனை சேர்ந்தாலும் அதற்கு ஈடாகா.

ஒரு முறை பிடிபட்டுவிட்டால்? பேர் போச்சு, விலை போச்சு என்பார்கள். சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959-ல் வந்தது. அதில் காரி என்ற காளை பிடிபடுகிறது, ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். உரிமையாளரின் கௌரவத்துக்கு அதுதான் நியாயமாகப் பட்டிருக்கும். வாசகருக்கு அப்படியில்லை. தமிழில் ஒரு பெரிய மாட்டின் பெயர் சொல் என்றால் அறுபது ஆண்டுக்குப் பிறகும் காரியைத்தான் சொல்கிறோம், பிடிபட்ட காரியை. அதைப் பிடிக்க எப்படிப்பட்ட ஆள் தேவைப்பட்டான் என்பது தெரிந்த பிறகுதான் அதன் அளவே நமக்குத் தெரிகிறது. அதற்கும் வெகுகாலம் முன்னால் முல்லைக்கலி காளைகளின் நிறத்தையும் கொம்பையும் பாய்ச்சலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாடியது. பிடிபடாதது எது என்ற கணக்கெடுப்பு அந்தக் கண்ணுக்குத் தேவைப்படவில்லை.

இன்றைய சிக்கல், இதையெல்லாம் உறுதியாகச் சொல்லக் கையில் பதிவு இல்லை என்பது. குத்துச்சண்டையில் ஒவ்வொரு சுற்றும் எழுதப்படுகிறது. நம்மிடம் மாட்டுக்காரர் சொல்லும் கணக்கும் ஊர் ஞாபகமும்தான் இருந்தன. இப்போது முன்பதிவும், டோக்கனும், கால்நடை மருத்துவரின் சான்றும், எங்கும் கைபேசிப் படமும் வந்துவிட்டன. இன்னும் ஒரு படி போனால் போதும். விழாக் குழுவினருக்கு வேண்டுகோள் இதுதான்: 'பிடிபடவில்லை' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் திமிலைத் தொட்டார்கள், எத்தனை சுற்றில் உதறியது, வடமாடு என்றால் எத்தனையாவது நிமிடம்வரை வட்டத்தின் நடுவில் நின்றது, எந்த ஊர் அணி இறங்கியது என்பதையும் எழுதி வையுங்கள். சிறந்த காளைக்கான பரிசை அந்த ஏட்டைப் பார்த்துக் கொடுங்கள்.