சுவைக்குறிப்பும் திறனாய்வும்

சுவைத்த ஒன்றைச் சொல்லில் காட்டுதல் அரிது. பலாச்சுளை இனிக்கிறது என்கிறோம். தேனும் இனிக்கிறது என்கிறோம். இரண்டும் ஒரே இனிமையா என்று எதிரிலிருப்பவர் வினவினால், "அது வேறு, இது வேறு" என்பதற்குமேல் நம்மில் பலருக்குச் சொல் எழுவதில்லை. கவிதையைப் படித்து மகிழ்ந்த மாணவன் 'மிக அருமையாக உள்ளது' என்று எழுதி நிறுத்திவிடுவதும் இவ்விடர்ப்பாட்டினால்தான். அவன் சுவைக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவன் சுவைத்தான், சுவையைப் பிறரிடம் கொண்டு சேர்க்கும் வழிதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

இவ்வழியைப் பற்றி நான் மிகுதியாகச் சிந்திக்க நேர்ந்த இடம் ஸ்காட்லாந்தில் நண்பர் சிலர் கூடி விஸ்கியை ஆராய்ந்த ஒரு மேசை. தலைமையாசிரியன் ஒருவன் இதைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிப்போர் உண்டு என்பதை அறிவேன். நான் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சம்பள நாளன்று கள்ளுக்கடைக்குச் சென்றவர்கள் எந்நிலையில் வீடு திரும்பினார்கள் என்பதையும், மறுநாட் காலை எங்கள் வகுப்பில் யார் யார் வரவில்லை என்பதையும் கண்ணால் கண்டவன். இன்றளவும் நான் குடிப்பதில்லை. ஈண்டு நான் ஆராயப் புகுவது விஸ்கியைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளின் உரைநடையையே.

2023ஆம் ஆண்டில், எடின்பரோவில் கல்வி பயின்றுகொண்டிருந்த என் மகனைக் காணச் சென்றிருந்தேன். அவன் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற நூலகர். மாதம் ஒருமுறை அவர் இல்லத்தில் நண்பர் நால்வர் கூடுவர். ஒவ்வொருவரும் ஒரு புட்டி கொணர்வர். அதன் மேல் பழுப்புத்தாளைச் சுற்றி எண் மட்டும் இட்டு மேசைமேல் வைப்பர். குடிக்க மாட்டேன் என்று நான் சொன்னதும் அவர்கள் சிறிதும் வருந்தவில்லை. விஸ்கிகளைக் கலந்து அமைக்கும் வல்லுநர் பெரும்பாலும் மூக்கினாலேயே தம் தொழிலைச் செய்வதாகவும், சாராய அளவு நூற்றுக்கு 20 பங்காகக் குறையும்வரை நீர் சேர்த்து முகர்வது அவர்தம் வழக்கம் என்றும் கூறி, எனக்கும் நான்கு கிண்ணங்களை நகர்த்தி வைத்தனர்.

அப்புட்டிகளைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். முளைகட்டிய பார்லியைப் புளிக்கவைத்துச் செம்புக் கொப்பரையில் வடித்தெடுத்ததை ஓக் மரப் பீப்பாயில் அடைத்து, ஸ்காட்லாந்து மண்ணிலேயே மூன்றாண்டுகளேனும் வைத்திருந்தாலன்றி ஸ்காட்ச் மால்ட் விஸ்கி எனும் பெயரால் விற்கச் சட்டம் இடந்தராது. பெரிய வடிசாலைகள் பல பீப்பாய்களை ஒன்றாகக் கலந்து, எந்த ஆண்டு வாங்கினும் ஒரே சுவை இருக்குமாறு செய்துவிடுகின்றன. தனிப் புட்டியடைப்பாளர் செல்லும் வழி வேறு. அவர்கள் பிறர் வடித்ததைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கித் தம் பெயரில் புட்டியிலிடுவோர். அபர்டீனில் 1842இல் தோன்றிய கேடன்ஹெட் நிறுவனமும், எல்ஜினில் 1895இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயிலும் இத்துறையில் மூத்தவை. இவ்வகைப் புட்டிகளுள் ஒற்றைப் பீப்பாயிலிருந்து மட்டும் எடுக்கப்படுவன தனிச்சிறப்புடையன. ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும் பீப்பாயில், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகப் போனது போக, எஞ்சுவது சில நூறு புட்டிகள். அவை தீர்ந்தால் அச்சுவை உலகில் மீண்டும் இல்லை.

இரண்டாம் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன். என் கை நின்றுவிட்டது. ரப்பர்த் தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டு, விறகுப் புகையில் உலர்த்தும் எங்கள் தோட்டத்துக் கொட்டகையின் வாசலில் நான் நின்றேன். அந்தப் புகை, அதனடியில் உறைந்த பாலின் புளிப்பு, என் தந்தையாரின் சட்டை. நாற்பதாண்டுகளுக்குமேல் நான் நினைத்தும் பாராத மணம். மற்றவர்கள் தம் தாளில் எழுதியிருந்தவற்றைப் படித்தனர்: மருந்திட்ட கட்டுத்துணி, கடற்பாசி, தார் பூசிய கயிறு. என் முறை வந்தபோது ரப்பர்க் கொட்டகை என்றேன். ஐவரும் அன்போடு தலையசைத்தனர், ஒருவருக்கும் விளங்கவில்லை.

என் உவமை பிழையானதன்று. ஐலே தீவு விஸ்கிகளுக்காகப் பார்லியை உலர்த்தும்போது பீட் எனும் சதுப்புநிலக் கட்டிகளை எரிக்கின்றனர்; அப்புகையில் உள்ள குவாயகால் முதலிய பொருள்கள் விறகுப் புகையிலும் உண்டு. உவமையும் பொருளும் உண்மையிலேயே பொருந்தியிருந்தன. கேட்போர்க்கு உவமை தெரியாததால் பொருள் சென்று சேரவில்லை. அவ்வாறே அவர்கள் ஹெதர் மலர் என்றும் கூஸ்பெரி என்றும் சொன்னபோது நான் தலையசைத்தேன். அகராதியைப் புரட்டினால் கூஸ்பெரிக்கு நெல்லி என்றிருக்கும். அது நம் நெல்லியன்று. வேறோர் இனத்துப் பழம். அகராதியை நம்பி மொழிபெயர்த்திருந்தால் என் மாணவர்க்குப் பொய்யான ஒரு சுவையைத் தந்திருப்பேன்.

இவ்விடரை விஸ்கித் தொழிலாரும் உணர்ந்தே இருந்தனர். 1979ஆம் ஆண்டில் பென்ட்லண்ட்ஸ் எனும் ஆய்வுக்கூடத்தார், விஸ்கியின் மணங்களை இனம் இனமாக வகுத்து, சக்கர வடிவில் ஒரு சொற்றொகுதியை வெளியிட்டனர். முகர்வோர் குழுவினர்க்கு மாதிரிப் பொருளைக் காட்டி, 'இதனை இச்சொல்லால் வழங்குக' என்று பயிற்றும் முறைக்கு இத்தகைய தொகுதிகள் பெரிதும் உதவுவன. இஃது இலக்கணம். இலக்கணம் அறியாத திறனாய்வு தடுமாறும். எனினும் இலக்கணத்தை மட்டும் ஒப்புவிக்கும் திறனாய்வை யார் படிப்பார்?

மறுபுறம், சக்கரத்தை அறவே மறந்த எழுத்தும் பெருகியுள்ளது. அதன் போக்கில் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: 'மழை விட்ட பிற்பகலில் பாட்டியின் மரப்பெட்டியைத் திறக்கிறேன். உள்ளே பழைய கடிதங்கள். தொலைவில் யாரோ வயலின் மீட்டுகிறார். ஈரமணலில் ஒரு குதிரை ஓடி மறைகிறது.' படிக்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தை இன்னொன்றினின்று பிரித்தறிய முடியுமா? நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் மற்றொன்று விரித்தல், மயங்க வைத்தல், நின்று பயனின்மை ஆகிய மூன்றும் இந்நான்கு தொடர்களில் அடங்கிவிட்டன. நம் இதழ்களில் வரும் நூல் மதிப்புரைகள் சிலவற்றிலும் இக்குதிரை ஓடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அன்று மேசையில் தச்சர் ஒருவர் இருந்தார். அவர் எழுதியதன் சாரம் இது: முதலில் அணைந்த அடுப்பின் சாம்பல், சிறிது நீர் விட்டபின் புகை பின்னே செல்ல எலுமிச்சைத் தோலின் கசப்பு முன்னே வருகிறது, வாயில் உப்பு, விழுங்கியபின் நெடுநேரம் நிற்பது மீண்டும் புகையே. இதில் அணி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆயினும் முன்னது எது, பின்னது எது, எதனால் மாறியது என்ற ஒழுங்கு இருக்கிறது. படிப்பவர் தம் கிண்ணத்தை எடுத்து, 'எலுமிச்சை எனக்குத் தோன்றவில்லையே' என்று மறுக்கலாம். மறுக்க இடந்தரும் தொடரையே நான் திறனாய்வுத் தொடர் என்பேன்.

இங்கே ஒரு தடை எழும். ஒற்றைப் பீப்பாய் தீர்ந்துவிட்டால் மறுப்பது எங்ஙனம்? 1983இல் மூடப்பெற்ற போர்ட் எலன் வடிசாலை 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அதன் பழைய பீப்பாய்கள் குறைந்துகொண்டே வந்தன. தீர்ந்துபோன பீப்பாய்க்கு எஞ்சியிருப்பது குறிப்பு மட்டுமே. வளையாபதியையும் குண்டலகேசியையும் நாம் முழுமையாகப் படிக்க இயலவில்லை. பிறர் எடுத்துவைத்த பாடல்களைக் கொண்டே அவற்றை அறிகிறோம். எடுத்துவைத்தவர் தம் பாட்டியின் மரப்பெட்டியைப் பற்றி எழுதியிருந்தால் நம் கதி என்ன? மூலம் அழியக்கூடியது என்று அறிந்து எழுதுவோனுக்குப் பொறுப்பு கூடுகிறது; குறைவதில்லை.

இனிப் பெயர் பற்றிய செய்தி. எடின்பரோவைச் சேர்ந்த பிப் ஹில்ஸ் என்பார் 1970களின் பிற்பகுதியில் கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலையின் பீப்பாய் ஒன்றை வாங்கி நண்பர்களோடு பகிர்ந்துகொண்டார். அதிலிருந்து வளர்ந்ததே 1983இல் லீத் துறைமுகப் பகுதியில் நிறுவப்பெற்ற ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம். அச்சங்கத்தார் வடிசாலையின் பெயரைப் புட்டியில் பொறிப்பதில்லை. வடிசாலைக்கு ஓர் எண், பீப்பாய்க்கு ஓர் எண் என இரண்டை மட்டும் இடுவர். பெயரால் மயங்காமல் சுவைக்கலாம் என்பது இதன் பயன். ஆனால் 29 என்றால் லாஃப்ரோய்க், 33 என்றால் ஆர்ட்பெக் என்பதைப் பழகிய உறுப்பினர் மனப்பாடமாக அறிவர். வாயில் வழியே துரத்திய பெயர் சாளரத்தின் வழியே வந்து அமர்ந்துகொள்கிறது!

அதனால்தான் அந்நண்பர்கள் பழுப்புத்தாளை நாடினர். மூன்றாம் புட்டியைக் கணக்காசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் மிகத் தாழ்த்தி, நூற்றுக்கு 62 இட்டார். சோப்பு மணக்கிறது என்றார். தாளை அவிழ்த்தபோது, அவர் பல்லாண்டுகளாகப் போற்றிவந்த வடிசாலையின் பீப்பாய் அது. அறையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, சில துளி நீர் விட்டு, கால்மணி நேரம் பேசாதிருந்து, பின் 78 என்று திருத்தினார்.

பெயருக்கு அஞ்சித் திருத்தினார் என்று கூறுவது எளிது. நீர் சேர்ந்தால் விஸ்கியின் மணம் உண்மையிலேயே மாறுகிறது. குவாயகால் போன்ற மூலக்கூறுகள் நீர் மிகும்போது மேற்பரப்பில் திரள்கின்றன என்று 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் கணினிவழிக் காட்டினர். அவர் இரண்டாம் முறை பொறுமையாகப் படித்தார் என்றும் கொள்ளலாம். ஆனால் பெயர் தெரியாதிருந்தால் அந்தக் கால்மணி நேரத்தை அப்புட்டிக்கு ஒதுக்கியிருப்பாரா? பெயர் மதிப்பெண்ணை வாங்கித் தருகிறது என்று நாம் குறை கூறுகிறோம். அது முதலில் வாங்கித் தருவது பொறுமையை. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் பெயரின்றிப் பாடல்களைக் கொடுத்து மாணவர் கருத்துகளைத் திரட்டி, 1929இல் நூலாக்கினார். புகழ்பெற்ற கவிஞரின் பாடல்களைப் பலர் தாழ்த்தினர். மாணவர்க்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்கு அந்நூலைச் சான்று காட்டுவது நம் பயிற்சிக் கல்லூரி வழக்கம். பெயரில்லாதபோது நாம் எவ்வளவு விரைவாகப் படிக்கிறோம் என்பதற்கும் அது சான்றாகும் என இப்போது எண்ணுகிறேன்.

இதை எண்ணும்போது எனக்கே கூசுகிறது. பல்லாண்டுகளுக்கு முன் மாணவர் சிறுகதைப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தேன். தாள்களில் பெயரும் பள்ளியும் இருந்தன. நன்கு எழுதுபவன் என்று நான் முன்பே அறிந்திருந்த மாணவனின் கதையை இருமுறை படித்தேன். அதன் மெதுவான தொடக்கத்தைக்கூட நயம் என்று பாராட்டினேன். தோட்டப் பள்ளியொன்றின் மாணவி எழுதிய கதையும் மெதுவாகவே தொடங்கியது. அதை ஒருமுறைதான் படித்தேன். அடுத்த ஆண்டு பழைய தாள்களைக் கட்டிவைக்கும்போது அக்கதையின் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. நின்றபடியே முழுவதும் படித்தேன். பரிசுகள் எப்போதோ வழங்கப்பட்டுவிட்டன. அம்மாணவி இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள்.

ஊர் திரும்பியதும் புகையிட்ட ரப்பர்த் தாள் ஒன்றைத் தேடினேன். எங்கள் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர் பலர் இப்போது கிண்ணத்தில் உறைந்த கட்டியாகவே பாலை விற்றுவிடுவதால் அது எளிதில் கிடைக்கவில்லை. முதியவர் ஒருவரின் கொட்டகையில் கிடைத்த தாளில் ஒரு சாண் அளவு வெட்டி எடின்பரோவுக்கு அஞ்சலில் அனுப்பினேன். இரண்டு திங்கள் கழித்து நூலகரிடமிருந்து மடல் வந்தது. இரண்டாம் புட்டியின் எச்சத்தையும் அத்தாளையும் அடுத்தடுத்து வைத்து ஐவரும் முகர்ந்தனராம். மூவர் என் சொல்லை ஒப்புக்கொண்டனர். நூலகர் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். தச்சர் மட்டும் மறுத்து, அது புகையிட்ட பாலாடைக்கட்டி என்று தம் தாளில் எழுதி வைத்திருக்கிறார்.