நார்த்விண்ட் ஆர்டர் படிவம்: தானாக நிரம்பும் புலங்களும் கோப்பு இணைப்பும்

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் 1992 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைக் கற்பவர்களுக்காக அந்நிறுவனம் வழங்கிய மாதிரித் தரவுத்தளத்தின் பெயர் நார்த்விண்ட். உணவுப் பொருட்களை வாங்கி விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்குகள் அதில் உள்ளன. 91 வாடிக்கையாளர்கள், 77 பொருட்கள், 830 ஆர்டர்கள் என்று கற்பதற்கு ஏற்ற அளவான தரவு அது. தரவுத்தளப் பாடம் படித்த பலருக்கு இதுவே முதல் மாதிரி. மாதிரியைப் பார்த்தே மாணவர்கள் தங்கள் படிவங்களை அமைப்பதால், அதன் நிறைகுறைகளை அறிந்துகொள்வது நல்லது. அக்சஸ் 2000 முதல் 2003 வரையிலான பதிப்புகளோடு வந்த நார்த்விண்டில் உள்ள ஆர்டர் படிவத்தையும் பணியாளர் படிவத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒரே படிவத்தில் இரு வகை நிரப்பல்

ஆர்டர் படிவத்தில் வாடிக்கையாளரின் பெயரைக் கீழ்விரி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தவுடன் இரண்டு முகவரிகள் தாமாகவே நிரம்புகின்றன. ஒன்று, பில் அனுப்ப வேண்டிய முகவரி. மற்றொன்று, சரக்கு அனுப்ப வேண்டிய முகவரி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

பில் முகவரி ஆர்டர் அட்டவணையில் எழுதப்படுவதில்லை. அங்கே இருப்பது வாடிக்கையாளரின் 5 எழுத்துக் குறியீடு மட்டுமே. இரு அட்டவணைகளையும் இணைக்கும் வினவல், அந்தக் குறியீட்டுக்கு உரிய முகவரியை வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. இதைக் 'காட்டும் நிரப்பல்' எனலாம்.

சரக்கு முகவரி அப்படியல்ல. பெயரைத் தேர்ந்தெடுத்தபின் இயங்கும் ஒரு சிறு நிரல், வாடிக்கையாளரின் முகவரியை எடுத்து, ஆர்டர் அட்டவணையின் தனிப் புலங்களில் எழுதிவிடுகிறது. இதைப் 'பதியும் நிரப்பல்' எனலாம்.

வாடிக்கையாளர் அட்டவணையில் மூல முகவரி மாறினால், காட்டும் நிரப்பல் பழைய ஆர்டரிலும் மாறிவிடும். பதியும் நிரப்பல் மாறாது. தானாக நிரம்பும் புலத்தை அமைக்கும் எவரும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

விலையில் உள்ள நிறை

பொருளின் விலையை இப்படிவம் கையாளும் விதம் பாராட்டத்தக்கது. பொருளைத் தேர்ந்தெடுத்ததும், நிரல் பொருள் அட்டவணையில் விலையைத் தேடி எடுத்து, ஆர்டர் விவர அட்டவணையில் பதிகிறது. பொருள் அட்டவணையில் 'சாய்' என்னும் தேநீரின் விலை 18 டாலர். பழைய ஆர்டர்கள் சிலவற்றில் அதே தேநீர் 14.40 டாலர் என்று இருக்கிறது. இதைப் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. விற்ற நாளின் விலை அது.

ஒரே செய்தியை இரண்டு இடங்களில் வைக்கக் கூடாது என்பது தரவுத்தளப் பாடத்தின் அடிப்படை. எட்கர் காட் 1970 இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த காலத்திலிருந்து இது வலியுறுத்தப்படுகிறது. அப்படியானால் விலையை இரண்டு இடத்தில் வைத்தது விதிமீறலா? இல்லை. இன்றைய விலையும் விற்ற அன்றைய விலையும் ஒரே செய்தி அல்ல, இரண்டு செய்திகள். இதைக் காட்டியிருப்பது நார்த்விண்டின் சிறந்த பாடம்.

முகவரியில் உள்ள குறை

விலைக்குக் காட்டிய கவனம் பில் முகவரிக்குக் காட்டப்படவில்லை. வாடிக்கையாளர் இடம் மாறி, புது முகவரியைப் பதிந்தவுடன் முன்பு அவருக்குப் போட்ட எல்லா ஆர்டர்களிலும் பில் முகவரி மாறித் தெரியும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டால், அன்று கொடுத்த தாளுக்கும் இன்று வரும் தாளுக்கும் முகவரி ஒத்துப்போகாது. கணக்குத் தணிக்கையில் இது கேள்விக்குரியது. பில் ஓர் ஆவணம்; ஆவணத்தில் அன்று எழுதியதே நிற்க வேண்டும்.

சரக்கு முகவரியில் வேறொரு குறை உண்டு. தட்டச்சு செய்பவர் அதைக் கையால் திருத்தியபின், வாடிக்கையாளர் பெயரை மாற்றித் தேர்ந்தெடுத்தால், நிரல் எதுவும் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். புலம் காலியாக இருக்கும்போது மட்டும் நிரப்புவது, இல்லையேல் கேட்டுவிட்டு நிரப்புவது என்ற ஒரு சோதனை போதும். மாதிரியில் அது இல்லை.

பள்ளி அலுவலகத்தில் காகிதப் பதிவேடு எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே தெரியும். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு திருத்தம் என்றால், பழையதைக் கோடிட்டு, புதியதை எழுதி, கையொப்பமிடுவார்கள். பழையது படிக்கும்படியே இருக்கும். கொடுத்து முடித்த மாற்றுச் சான்றிதழின் நகல் அதனால் மாறிவிடாது. கணினிப் படிவத்தில் அந்த நிலைத்தன்மை தானாக வராது. அமைப்பவர்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

படங்களும் கோப்புகளும்

கோப்பு இணைப்பில் நார்த்விண்ட் மூன்று வழிகளைக் கடந்து வந்திருக்கிறது. தொடக்கப் பதிப்புகளில் பணியாளரின் படம் அட்டவணைக்குள்ளேயே பொருளாகப் புதைக்கப்பட்டது. இம்முறையில் படத்தோடு அதன் பிட்மேப் உருவமும் சேர்வதால், மூலக் கோப்பைவிட 10 மடங்கு வரை கூட இடம் பிடிக்கலாம். 2000 ஆம் ஆண்டுப் பதிப்பில் படம் வெளியே ஒரு கோப்பாக நின்றது. அட்டவணையில் அதன் பெயர் மட்டும் இருந்தது. அக்சஸ் 2007 இல் 'இணைப்பு' என்னும் புதிய புல வகை வந்தது. நார்த்விண்டும் அதற்கு மாறியது.

புதிய வகை எளிதானது. ஒரு பதிவில் பல கோப்புகளைச் சேர்க்கலாம். ஆயினும் எல்லைகள் உண்டு. ஒரு கோப்பு 256 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. முழுத் தரவுத்தளமும் 2 ஜிகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். 500 மாணவர்களுக்கு ஆளுக்கு 4 மெகாபைட் அளவில் ஒரு ஸ்கேன் நகல் சேர்த்தாலே ஏறக்குறைய அந்த எல்லை வந்துவிடும். ஒரு புலத்தை இணைப்பு வகையாக அமைத்தபின் வேறு வகைக்கு மாற்றவும் இயலாது.

ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2006 இல் எஸ்கியூஎல் சர்வரைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவை தரவுத்தளத்துக்குள் இருப்பதும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை கோப்புறையில் இருப்பதும் நல்லது என்பது அவர்கள் கண்ட முடிவு. அக்சஸுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும், சிறியது உள்ளே, பெரியது வெளியே என்னும் வழி பொதுவாகப் பொருந்தும்.

இவ்வகையில் 2000 ஆம் ஆண்டு மாதிரியே மேலானது. பணியாளர் எண்ணைக் கொண்டே படக் கோப்புக்குப் பெயரிட்டிருப்பதும் நல்ல பழக்கம். இருவர் படத்துக்கு ஒரே பெயர் அமையாது. இம்முறையில் ஒரு பொறுப்பு கூடுதலாக வருகிறது. தரவுத்தளத்தை நகலெடுக்கும்போது படக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். மறந்தால் பெயர் இருக்கும், படம் இராது.

மதிப்பீடு

நார்த்விண்ட் பயன்மிக்க மாதிரிதான். ஆனால் எதை ஏன் பதிந்தது, எதை ஏன் காட்டிவிட்டு விட்டது என்பதை அது படிவத்தில் சொல்வதில்லை. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு முகவரிகளைப் பார்க்கும் மாணவர் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: மூலம் நாளை மாறினால், இந்தப் பதிவும் மாற வேண்டுமா? மாற வேண்டுமானால் காட்டினால் போதும். மாறக் கூடாது என்றால் பதிய வேண்டும். தொலைபேசி எண், வகுப்பாசிரியர் பெயர் போன்றவை முதல் வகை. விலை, மதிப்பெண், சான்றிதழில் அச்சான பெயர் போன்றவை இரண்டாம் வகை. நிரல் எழுதத் தொடங்கும் முன்பே இப்பட்டியல் தயாராக இருந்தால், படிவம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் நம்பத்தக்க பதிவேடாக இருக்கும்.